15 நானோமீட்டர் சிலிக்கான் சவ்வு வந்தா டயாலிசிஸ் நேரம் குறையுமா?

மார்ச் 9, இரவு 9.20
கேள்வி, திருமங்கலத்துல இருந்து ஒரு வாசகர்

எங்கம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ். மெசினுல நாலு மணி நேரம், பஸ்ஸு, காத்திருக்கறது எல்லாம் சேத்தா ஒரு நாளே போயிருது. நேத்து ஒரு வீடியோ பாத்தேன், அமெரிக்காவுல சிலிக்கான்ல 15 நானோமீட்டர் தடிமன்ல சவ்வு செஞ்சிருக்காங்களாம், இப்ப இருக்குற சவ்வ விட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசாம். அப்ப நாலு மணி நேரம் ஒரு மணி நேரமா கொறையும்தான? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்ச் 9, இரவு 11.05

கொறையும். சும்மா இல்ல, சடார்னு கொறையும். நான் ஆர்.ஓ. சர்வீஸ் பாக்குற ஆளு, மதுரையச் சுத்தி வீட்டு மெசினுல இருந்து டயாலிசிஸ் சென்டர் பிளான்ட் வரைக்கும் மெம்ப்ரேனோடதான் பொழப்பு. அதுக்கு முன்னாடி எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சேன், ப்ராஜெக்ட்டே நுண்துளை சிலிக்கான்தான், அதனால இதுல அங்குட்டும் இங்குட்டும் கொஞ்சம் தெரியும். போதாததுக்கு எங்க சித்தப்பா மூணு வருசமா டயாலிசிஸ்ல இருக்காரு.

கணக்கு பாருங்க. டயலைசர்னா மெசினுல ரத்தத்த வடிகட்டுற குழாய், அதுக்குள்ள நூல் மாதிரி ஆயிரக்கணக்குல ஃபைபர் இருக்கும், ஒவ்வொண்ணும் உள்ள ஓட்டையான குழல், அதோட சுவரு சுமார் 40 மைக்ரான். நானோமீட்டர்ல சொன்னா 40,000. இந்தப் புதுச் சவ்வு 15. வகுத்தா 2,667 மடங்கு மெல்லிசு. பரவிப் போற பொருளுக்கு தூரம் பாதியானா நேரம் கால்வாசி ஆயிரும், வர்க்கக் கணக்கு. 2,667ஐ 2,667ஆல பெருக்குங்க, 71 லட்சம் மடங்கு வேகம். ஒரு மணி நேரம் எதுக்கு, டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்.

மார்ச் 10, காலை 6.30

நேத்து ராத்திரி எழுதுனது தப்பு. படுத்த பெறகுதான் உறைச்சுச்சு.

ஒரு மூலக்கூறு சுவரத் தாண்ட எடுத்துக்கற நேரம் வேற, நிமிசத்துக்கு எத்தன மூலக்கூறு தாண்டுதுங்கறது வேற. மொத சொன்னதுதான் வர்க்கம். ரெண்டாவதுல வர்க்கம் இல்ல, வெறும் தலைகீழ் விகிதம், சுவரு பாதியானா போக்குவரத்து ரெண்டு மடங்கு, அம்புட்டுதான். சித்தப்பாவுக்கு வேண்டியது ரெண்டாவது. அதனால 71 லட்சத்த மறந்துருங்க, 2,667 மட்டும் வச்சுக்கங்க. பழச அழிக்க மாட்டேன், கெடக்கட்டும். 2,667 மேலயும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, வேலைக்குப் போயிட்டு வந்து சொல்றேன், உசிலம்பட்டில ஒரு பிளான்ட்டுல பம்பு கத்துதாம்.

மார்ச் 10, மதியம் 2.15

மேலூர்க்காரர் ஒருத்தர் கேட்டிருக்காரு, "சிலிக்கான்னா கேக் அச்சு செய்றது, பச்சப்புள்ள நிப்பிள் செய்றது, அது ரப்பர்ல, அதுல எப்படி 15 நானோமீட்டர்?"

அது சிலிக்கோன் அண்ணே. கடைக்காரன் ரெண்டையும் சிலிக்கான்னுதான் சொல்றான். கேக் அச்சு, கதீட்டர் டியூப்பு, பாத்ரூம்ல ஓட்டைய அடைக்கிற பசை எல்லாம் சிலிக்கோன், சிலிக்கானும் ஆக்சிஜனும் மாத்தி மாத்திக் கோத்த சங்கிலி, அதுல கார்பன் வாலு. இங்க பேசுறது சுத்தமான சிலிக்கான், போன் சிப்பு செய்றது. கண்ணாடி மாதிரி நொறுங்கும், ரப்பர் மாதிரி வளையாது. ஆனா 15 நானோமீட்டருக்கு மெலிஞ்சுட்டா அதுவும் வளையும், கிழியாம பலூன் மாதிரி லேசா உப்பும். 200 மைக்ரானுக்கு 200 மைக்ரான் சன்னல் ஒண்ணு ஒரு வளிமண்டல அழுத்தத்தத் தாங்குச்சுன்னு செஞ்சவங்க காட்டிருக்காங்க. நம்ம பாசையில 15 பிஎஸ்ஐ. வீட்டு ஆர்.ஓ. பம்பு 70, 80 குடுக்கும், அதுல மாட்டுனா டப்புனு போயிரும், அது வேற விசயம்.

மார்ச் 13, இரவு 10.40

எப்படிச் செய்றாங்கன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. எனக்கு இதுதான் இந்தக் கதையிலயே புடிச்ச எடம், அதனால கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவுல ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம். ஸ்ட்ரீமர், கபோர்ஸ்கி, மெக்ராத், ஃபோஷே, இந்த நாலு பேரும் 2007ல நேச்சர் இதழ்ல எழுதுனாங்க. செஞ்ச வெதத்தக் கேட்டா சிரிப்பா இருக்கும், ஓட்ட போடவே இல்ல, தானா விழுந்துச்சு.

சிலிக்கான் வேஃபர் எடுத்துக்கறாங்க, நம்ம அப்பளம் சைஸ் வட்டத் தகடு. அதுமேல கண்ணாடிப் பூச்சு 20 நானோமீட்டர், அதுமேல சிலிக்கான் 15 நானோமீட்டர், அதுமேல திரும்பவும் கண்ணாடிப் பூச்சு, நடுவுல சிலிக்கான், பன்னுக்கு நடுவுல பட்டர் மாதிரி. இந்த நடு அடுக்கு ஒழுங்கில்லாத சிலிக்கான், அணுவெல்லாம் திருவிழாக் கூட்டம் மாதிரி இஷ்டத்துக்கு நிக்கும். இப்ப கொஞ்ச நேரத்துக்கு மட்டும் சட்டுனு 700, 800 டிகிரிக்கு மேல சூடாக்குறாங்க. கூட்டம் அங்கங்க வரிசைக்கு வந்து குட்டிக் குட்டிப் படிகமா இறுகும். மேலயும் கீழயும் கண்ணாடி அமுக்கிப் புடிச்சிருக்கறதால அந்தப் பக்கம் நகர எடமில்ல, படிகம் இறுகுனா பக்கத்துல எடம் காலியாகும், அந்தக் காலி எடமே முழுசா ஊடுருவுன துளை ஆயிருது. வெப்பத்தக் கூட்டிக் கொறச்சா துளையோட அளவு மாறும். சராசரி 5ல இருந்து 25 நானோமீட்டருக்குள்ள வச்சுக்கலாம். ஒவ்வொரு துளையையும் தனித்தனியா கொத்தணும்னா எந்த மெசினுக்கும் கட்டுபடியாகாது, இதுல ஒரே சூட்டுல கோடிக்கணக்குல விழுது.

அடுத்தது பின்பக்கத்துல இருந்து வேஃபர அரிச்சு எடுக்கறது. சிலிக்கான் படிகத்துல சில தளம் சீக்கிரம் கரையும், சில தளம் லேசுல கரையாது, அதனால குழி செங்குத்தா வராம 54.7 டிகிரி சாய்வுல வரும். வேஃபரக் கவுத்துப் போட்டுப் பாத்தீங்கன்னா வண்டியூர்த் தெப்பக்குளம் மாதிரி சதுரம், நாலு பக்கமும் சரிவு, நடு மண்டபம் மட்டும் இல்ல. அந்தக் குளத்தோட தரைதான் நம்ம சவ்வு. கடைசில கண்ணாடிப் பூச்ச ஆசிட்ல கரைச்சுட்டா தரை அந்தரத்துல நிக்கும். 15 நானோமீட்டர்னா சிலிக்கான் படிகக் கட்டம் ஏறக்கொறைய 28 அடுக்கு. எண்ணிரலாம்.

இத வச்சு ரத்தத்துல இருக்குற ரெண்டு புரதத்த, ஆல்புமினையும் அதவிடப் பெருசான ஐஜிஜியையும், பிரிச்சுக் காட்டுனாங்க. அளவ மட்டும் பாத்துப் பிரிக்கல, மின்னூட்டத்தப் பாத்தும் பிரிக்குது, ஏன்னா துளையோட சுவத்துல மின்னூட்டம் இருந்தா அதே ஊட்டம் உள்ளத உள்ள விடாம தள்ளும்.

மார்ச் 14, காலை 7.10

பட்டர் பன் உவமை சரியில்லன்னு ஒருத்தர் சொல்றாரு, பட்டர் உருகிரும்ல. சரி, வாபஸ்.

மார்ச் 14, இரவு 9.50

"நீ எம்.எஸ்சி.ல என்ன செஞ்ச, நீயும் இதுதானா?" இல்ல மாப்ள, நான் செஞ்சது அதோட ஏழை ஒண்ணுவிட்ட அண்ணன். வேஃபர ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்ல போட்டு கரண்ட் விட்டா மேல்பக்கம் ஸ்பாஞ்சு மாதிரி துளை விழும். 1956ல பெல் லேப்ல தற்செயலா கண்டது, 1990ல லீ கேன்ஹம் அது செவப்பா ஒளிவிடுதுன்னு காட்டுன பெறகுதான் உலகமே பின்னால ஓடுச்சு. ஓடுன கூட்டத்துல கடைசி வரிசையில நாங்க, இருபது வருசம் கழிச்சு, மதுரையில ஒரு காலேஜ் லேப்ல.

மொத வேஃபர சென்னைல இருந்து வாங்கிட்டு வந்தது நான்தான். ராத்திரி பஸ்சு, மடியிலயே டப்பாவ வச்சு உக்காந்து வந்தேன், மாட்டுத்தாவணில எறங்கறப்ப ஒரு அண்ணாச்சி மூட்டைய என் மடில சாய்ச்சாரு. ரூம்ல போயி தெறந்தா நாலு துண்டு. ஆனா என்னா அழகான துண்டுங்கறீங்க, கத்தரிச்ச மாதிரி நேர்கோடு, முனை எல்லாம் சரியா 90 டிகிரி. படிகத் தளத்துலதான் ஒடையும்னு புத்தகத்துல படிச்சது அன்னைக்குத்தான் கையில தெரிஞ்சுச்சு. சார் திட்டல, "எப்படியும் வெட்டத்தானடா போறோம்"ன்னாரு.

அந்த ஆசிட் கண்ணாடியவே தின்னும், அதனால டெஃப்லான் டம்ளர். பிளாட்டினம் கம்பி டிபார்ட்மென்டுக்கே ஒண்ணு, பீரோவுல பூட்டி வச்சு கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுப்பாங்க. கையில பட்டா தடவ கால்சியம் குளுகோனேட் ஜெல் பக்கத்துலயே இருக்கணும், ஏன்னா அது சுரீர்னு சுடாது, கொஞ்சநேரம் ஒண்ணுமில்லாத மாதிரி இருந்துட்டு உள்ள எலும்பு வரைக்கும் போகும். எங்க டப்பால ஜெல் காலாவதி ஆயிருந்தது ப்ராஜெக்ட் முடிஞ்ச பெறகுதான் பாத்தோம்.

யூவி லாம்பு இல்ல. டவுன்ஹால் ரோட்டுல கள்ளநோட்டு பாக்குற லைட்டு ஒண்ணு வாங்கி, லேப்ல சன்னல எல்லாம் சாக்குல மூடிட்டு, துண்ட அதுக்கடியில வச்சோம். ஆரஞ்சு. அடுப்புக்கரி அணையப் போறப்ப இருக்குமே அந்த நெறம். வைவாவுல என்ன கேட்டாங்க என்ன சொன்னேன் எதுவும் ஞாபகமில்ல, அந்த நெறம் இருக்கு.

மார்ச் 19, இரவு 11.30

2,667 மேல சந்தேகம்னேன்ல. இன்னைக்கு டயாலிசிஸ் சென்டர்ல கார்பன் டேங்க் செக் பண்ணப் போனேன், தண்ணில குளோரின் மிச்சமிருந்தா ரத்த அணு ஒடைஞ்சிரும், அதனால ஷிப்டுக்கு ஷிப்டு சொட்டு மருந்து விட்டு நெறம் மாறுதான்னு பாக்கணும். அது முடிச்சுட்டு டெக்னீசியன் தம்பிகிட்ட ஒரு புது டயலைசர வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன், அவன் என்னண்ணே மாலை மாத்திக்கப் போறீங்களான்னான்.

ரெண்டு தப்பு பண்ணிருக்கேன்.

ஒண்ணு, அந்த 40 மைக்ரான் சுவரு முழுக்க சவ்வு இல்ல. உள்பக்கம் ஒரு மைக்ரான் அளவுக்குத்தான் நெருக்கமான தோல், அதுதான் வடிகட்டும், மிச்சம் தாங்கிப் புடிக்கிற ஸ்பாஞ்சு, பெரிய பெரிய ஓட்டை. ஆர்.ஓ. மெம்ப்ரேனும் அப்படித்தான், பதினஞ்சு வருசமா அறுத்துப் பாக்குறேன், தெரிஞ்சும் கணக்குல விட்டுட்டேன். அப்ப 2,667 எல்லாம் சும்மா, உண்மையான வித்தியாசம் அதுல சின்னப் பங்கு.

ரெண்டு, இது பெரிய தப்பு. ஃபைபர் குழலோட உள்விட்டம் சுமார் 200 மைக்ரான். நடுவுல ஓடுற ரத்தத்துல இருக்குற யூரியா, அதான் வெளிய எடுக்க வேண்டிய கழிவு, சுவத்த தொடணும்னாலே 100 மைக்ரான் ரத்தத்த நீந்தி வரணும். சுவத்த 15 நானோமீட்டர் ஆக்கிட்டேன்னு குதிச்சா, அந்த 100 மைக்ரான் அப்படியேதான கெடக்கு. டோல்கேட்ட எடுத்துட்டா கோரிப்பாளையம் சிக்னல் காலியாயிருமா?

மார்ச் 20, காலை 5.50

தூக்கம் வரல, நாலு மணி நேரம்ங்கறது எங்குட்டு இருந்து வருதுன்னு கணக்கு போட்டுப் பாத்தேன். திருமங்கலத்தார் மன்னிக்கணும், மொத நாள் சொன்னதுக்கு நேர் எதிரா வருது.

60 கிலோ ஆளுன்னு வைங்க. உடம்புல தண்ணி சுமார் 35 லிட்டர். யூரியா ரத்தத்துல மட்டும் இல்ல, இந்த 35 லிட்டர்லயும் கலந்து கெடக்கு. ஒரு தடவ டயாலிசிஸ் போதுமான அளவு நடந்துச்சுன்னு சொல்ல, அந்தத் தண்ணிய 1.2 தடவ கழுவுன மாதிரி ஆகணும், அதாவது 42 லிட்டர். மெசினுக்குள்ள ரத்தம் நிமிசத்துக்கு 250 மில்லி போகுது, அதுல 200 மில்லி சுத்தமாகுதுன்னு வைங்க. 42,000ஐ 200ஆல வகுத்தா 210 நிமிசம், மூணரை மணி நேரம். ஊசி குத்த, கழட்ட எல்லாம் சேந்தா நாலுக்குக் கிட்ட.

இப்ப உலகத்துலயே ஒசத்தியான சவ்வு, தடையே இல்ல, தொட்டதும் யூரியா வெளிய போயிரும்னே வைங்க. அப்பவும் உள்ள போற 250 மில்லியத்தான் சுத்தம் பண்ணும், போகாத ரத்தத்த எப்படிச் சுத்தம் பண்ணும்? 42,000ஐ 250ஆல வகுத்தா 168 நிமிசம். மூணரை மணி நேரம் ரெண்டே முக்காலுக்கு வந்துருக்கு. ஒரு மணி நேரத்துக்கு முடிக்கணும்னா நிமிசத்துக்கு 700 மில்லி ரத்தத்த இழுக்கணும், எங்க சித்தப்பா ஃபிஸ்டுலா (ஊசி குத்தறதுக்காக கையில ரத்தக்குழாயச் சேத்துத் தச்சு வச்ச எடம்) 300க்கே அலாரம் அடிக்கும்.

அதுபோக தண்ணி. சித்தப்பா ஒவ்வொரு தடவையும் உடம்புல தண்ணி சேந்து மூணு கிலோ ஏத்தத்தோட வருவாரு, அதையும் மெசினுதான் எடுக்கணும். மணிக்கு ஒரு கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல எடுக்கக்கூடாதும்பாங்க, 60 கிலோவுக்கு 780 மில்லி, மூணு லிட்டர் எடுக்க நாலு மணி நேரம் ஆயிரும். அவசரப்பட்டா பிரஷர் எறங்கும், கெண்டைக்கால் புடிச்சு இழுக்கும், அவரு பல்லக் கடிச்சுக்கிட்டு கட்டில் கம்பியப் புடிக்கிறத நான் பாத்திருக்கேன்.

ஆக பதில்: சவ்வு மெலிஞ்சதால மட்டும் நேரம் கொறையாது.

மார்ச் 20, இரவு 8.00

"அப்ப எதுக்குய்யா பத்து நாளா இந்தச் சவ்வப் புகழ்ந்த"ன்னு சண்டைக்கு வர்றீங்க. நேரம் கொறையாது, பெட்டி சின்னதாகும்னு தோணுது. ரெண்டும் ஒண்ணு இல்ல. யோசிச்சு எழுதுறேன்.

மார்ச் 22, இரவு 10.15

பெட்டி சின்னதாகும்ங்கறதுக்கு மொதல்ல இப்ப பெட்டி எம்புட்டுன்னு பாக்கணும். டயலைசருக்குள்ள சவ்வோட பரப்பு ஒண்ணரை சதுர மீட்டர் போல. அதுக்குச் சமமா அந்த 200 மைக்ரான் சன்னல அடுக்குனா 37 லட்சம் சன்னல் வேணும். வேஃபர்ல சொன்னா ஆறு இஞ்சு வேஃபர் 80க்கு மேல, அதுவும் முழு வேஃபரும் சவ்வா இருந்தா, நெசத்துல சட்டமே முக்கால்வாசி எடத்த எடுத்துக்கும். அப்ப முடியாதுன்னு தோணும். ஆனா அதே பரப்பு தேவையில்லைங்கறதுதான் விசயம், ஒரு சதுர சென்டிமீட்டர்ல ரொம்ப அதிகமா விடுறதால கொஞ்சூண்டு பரப்பே போதும்னு அவங்க வாதம்.

எனக்கு இதுல நம்பிக்கையும் இருக்கு பயமும் இருக்கு. பயம் தொழில் பயம். மெம்ப்ரேன் மெல்லிசா தடிசாங்கறதெல்லாம் மொத வாரத்துக்கு. அப்பறம் சோக் ஆகும். ரத்தம்னா புரதம், பட்ட எடத்துல எல்லாம் ஒட்டும், ஒட்டுன படலம் சவ்வ விடத் தடிப்பாயிரும், நீங்க 15 நானோமீட்டர்ல வாங்குனது உபயோகத்துல 15 நானோமீட்டரா இருக்காது. அதனால சவ்வு மேல தண்ணிய இழுத்துப் புடிச்சுக்கற பூச்சு போட்டு புரதம் ஒட்டாமப் பாக்குறாங்க, ரத்தத்த நேரா மோதவிடாம பக்கவாட்டுல ஓட விடுறாங்க. வீடு கட்டுற எடத்துல மணல் சலிக்கிறதப் பாத்திருப்பீங்க, சல்லடையச் சாய்ச்சு நிறுத்தி மண்வெட்டியால அள்ளி அடிப்பாங்க, ஜல்லி உருண்டு கீழ போயிரும், கண்ணு அடைக்காது. அதே மாவு சல்லடையப் படுக்கப் போட்டுக் கொட்டுனா மூணாவது கையில அடைச்சிரும். வீட்டு ஆர்.ஓ.ல பாதிக்கு மேல தண்ணி வேஸ்ட்டா போகுதுன்னு என்னையத் திட்டுறீங்கள்ல, அந்த வேஸ்ட் தண்ணிதான் உருண்டு போற ஜல்லி.

மார்ச் 31

இத வச்சு போர் தண்ணிய நல்ல தண்ணி ஆக்கலாமான்னா, முடியாது. உப்பு அயனி தண்ணிக் கூடு சேத்தும் ஒரு நானோமீட்டருக்குக் கீழ. 5 நானோமீட்டர் ஓட்டைல மாட்டுவண்டி சந்துல எறும்பு போற மாதிரி போயிரும். டிடிஎஸ், அதான் கரைஞ்ச உப்போட அளவு, 1,800 போட்டா 1,800ஏ வரும்.

ஏப்ரல் 6, இரவு 9.30

தம்பி ஒருத்தர் நர்சிங் படிக்கிறாராம், டயாலிசிஸ் தவிர வேற உபயோகம் இருக்கான்னு கேக்குறாரு. இருக்கு, இன்னும் சொல்லப்போனா அங்கதான் இது மொதல்ல காலூன்றுச்சு.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல சாம்பிளத் தாங்குற சன்னலா வச்சாங்க, மெல்லிசா இருந்தாத்தான எலக்ட்ரான் ஊடுருவும். செல் வளக்குற லேப்ல ரெண்டு வகை செல்ல எதிரெதிர் பக்கம் ஒட்ட வச்சு பேச விடுவாங்க, உதாரணத்துக்கு மூளையோட ரத்தக்குழாய்ச் சுவர் மாதிரி ஒண்ணு செஞ்சு எந்த மருந்து தாண்டுதுன்னு பாக்குறது. அதுக்கு இப்ப இருக்குற பிளாஸ்டிக் சவ்வு 10 மைக்ரான், செல்லுக்குச் செல் நடுவுல அது ஒரு மதில். உடம்புக்குள்ள அந்த எடத்துல இருக்குற அடித்தளம் அதுல நூத்துல ஒரு பங்கு போல. சிலிக்கான் சவ்வு போட்டா மதில் திரைச்சீலை ஆயிரும், கண்ணாடி மாதிரி ஊடுருவியும் பாக்கலாம்.

ஒரு வில்லங்கம், இம்புட்டு மெல்லிசான சிலிக்கான் உப்புத்தண்ணில நாள்பட நாள்பட கரையும். கரைஞ்சு சிலிசிக் அமிலமாப் போகுது, கெடுதல் இல்ல, சில சோதனைக்கு அது நல்லதுமாகுது, ஆனா மாசக்கணக்குல ஒழைக்கணும்னா ஆகாது. அதுக்குத்தான் 2014 வாக்குல சிலிக்கான் நைட்ரைடுக்கு மாறுனாங்க. பழைய சவ்வையே கோலம் போடுற அச்சு மாதிரி மேல வச்சு, அதோட ஓட்டை வழியா கீழ இருக்குற நைட்ரைடத் தொளைக்கிறது. 50 நானோமீட்டர் தடிமன். கெட்டி, கரையாது. இதுல 30ல இருந்து 150 நானோமீட்டர் சைசுல செல்லுங்க வெளிய விடுற எக்ஸோசோம் பைய எல்லாம் ரத்தத்துல இருந்து புடிக்கிறாங்க, அதே சாய்ச்சு வச்ச சல்லடை முறைதான்.

ஏப்ரல் 27, இரவு 11.45

மூணு வாரமா எழுதல, திருவிழா. அழகர் எறங்குற அன்னைக்கு ஆத்துக்கு அங்குட்டு இங்குட்டு வண்டி போகாதுன்னு சித்தப்பாவுக்கு முந்துன நாளே ஷிப்டு மாத்தி வாங்குனோம். முடிஞ்சு வர்றப்ப ராத்திரி எட்டு மணி, வெக்கை எறங்கல, கோரிப்பாளையம் தாண்டுறதுக்குள்ள ஆறு நீர்மோர்ப் பந்தல். எல்லாரும் கூப்புடுறாங்க, ஐயா வாங்க, ஐயா பானகம். அவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு லிட்டர் கணக்கு, சோறு கொழம்புல வர்றதும் அதுல அடக்கம். ஒரு பந்தல்ல டம்ளர வாங்குனாரு, ரெண்டு வாய் நனச்சுட்டு மிச்சத்த என்கிட்ட குடுத்துட்டாரு. "கருவேப்பிலை நல்லா போட்டுருக்கான்டா"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.

வீட்டுக்கு வந்து அவருகிட்டயே கேட்டேன், சித்தப்பா நாலு மணி நேரம் ரெண்டே முக்காலாச்சுன்னா என்ன செய்வீங்கன்னு. "நேரம் கெடக்குடா, எனக்கென்ன கலெக்டர் வேலையா. தண்ணிக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

அப்பத்தான் வெளங்குச்சு, நம்ம இங்க ஒன்றரை மாசமா தப்பான கேள்விக்கு கணக்கு போட்டுக்கிட்டு இருக்கோம். வாரம் ரெண்டு, மூணு தடவ நாலு மணி நேரத்துல கழுவுறதாலதான் நடுவுல தண்ணி சேருது, உப்பு சேருது, அதனாலதான் கட்டுப்பாடு. நம்ம சொந்தக் கிட்னி நாள் முழுக்க பையப் பைய வேல செய்யுது, ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி அதுல ஒண்ணரை ரெண்டு லிட்டர மட்டும் வெளிய விட்டுட்டு மிச்சத்த திரும்ப எடுத்துக்குது. பெட்டி சின்னதாகி இடுப்புல மாட்டுற மாதிரி ஆனா, எந்நேரமும் ஓடுனா, வேகமே தேவையில்ல. குடிச்ச தண்ணி குடிச்சபடி போயிக்கிட்டே இருக்கும். வயித்துல பை மாத்துற டயாலிசிஸ்ல தண்ணிக் கட்டுப்பாடு கொஞ்சம் லேசா இருக்கறதும் தெனமும் நடக்கறதாலதான், அதுல சவ்வு வெளிய இருந்து வர்றது இல்ல, நம்ம வயித்துக்குள்ள இருக்குறதே.

இடுப்புல மாட்டுறதச் செஞ்சும் பாத்திருக்காங்க. விக்டர் குராங்கற டாக்டரோட கருவி, சியாட்டில்ல சோதனை, 2016ல முடிவு வெளிவந்துச்சு. ஏழு பேருக்கு மாட்டுனாங்க, அஞ்சு பேர் 24 மணி நேரம் முழுசா முடிச்சாங்க, அப்பறம் உள்ள காத்துக் குமிழி சேந்தது, ஓட்டம் சீரா இல்லாததுன்னு கோளாறு வந்து பாதில நிறுத்திட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது, அதுல இருந்தது சாதாரண ஃபைபர் டயலைசர்தான். கோளாறு சவ்வுல இல்ல, தண்ணில.

இது என் ஏரியா. ஒரு தடவ டயாலிசிஸுக்கு நிமிசத்துக்கு 500 மில்லி வீதம் 120 லிட்டர் தண்ணி, சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடி கழிவ அள்ளிட்டுப் போறது, நான் பிளான்ட்டுல தர்றது. இடுப்புல ஆறு கேன் எவன் கட்டிக்கிட்டு அலைவான்? அதனால கொஞ்சத் தண்ணியையே கார்பன், யூரியேஸ் நொதி, சிர்கோனியம் பாஸ்பேட் வழியா சுத்தம் பண்ணித் திரும்பத் திரும்ப ஓட்டுறாங்க. யூரியேஸ் யூரியாவ ஒடைக்கறப்ப கரியமில வாயு வரும், குமிழிக்கு மூலம் அங்கயே இருக்கு.

மே 4, மதியம் 3.20

தண்ணியே வேணாம்னு ஒரு கூட்டம் கெளம்பிருக்கு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சான் பிரான்சிஸ்கோல ஷுவோ ராய், வாண்டர்பில்ட்ல வில்லியம் ஃபிசெல். அவங்களதும் சிலிக்கான் சவ்வு, ஆனா வட்ட ஓட்டை இல்ல, கதவிடுக்கு மாதிரி நீளக் கீறல், அகலம் நானோமீட்டர் கணக்குல. பம்பு கெடையாது, நம்ம ரத்த அழுத்தமே தள்ளும். வடிஞ்ச தண்ணிய கிட்னி செல் வளத்த இன்னொரு அறைக்கு அனுப்பி, அது வேண்டியத திரும்ப உறிஞ்சிக்கும், வேண்டாதது மட்டும் சிறுநீராப் போகும். உள்ள வச்சுத் தைக்கிறது. 2023ல அந்தச் செல் அறைய மட்டும் பன்னிக்குள்ள வச்சு ஏழு நாள் வேல செய்றதக் காட்டுனாங்க. ஏழு நாளுங்க. திருமங்கலத்தார் எப்ப மதுரைக்கு வரும்னு தனியா கேட்டிருந்தாரு, நான் வாயத் தொறக்கல, மொத நாள் 71 லட்சம்னு சொன்ன வாய் இது.

மே 4, மாலை 6.10

சித்தப்பாகிட்ட பன்னி விசயத்தச் சொன்னேன். அந்தப் பன்னிக்குத் தண்ணி குடுத்தாங்களான்னு கேட்டாரு.

மே 5, காலை 7.00

மேலூர்க்காரர் புடிச்சுட்டாரு. மார்ச் 22ல 37 லட்சம் சன்னல்னு போட்டிருக்கேன். ஒண்ணரை சதுர மீட்டர்னா 15 லட்சம் சதுர மில்லிமீட்டர், சன்னல் ஒண்ணு 0.04, வகுத்தா 3 கோடியே 75 லட்சம். ஒரு சைபர விழுங்கிட்டேன். திருத்திப் படிச்சுக்கங்க, உசிலம்பட்டி பம்பு திரும்பக் கத்துதாம், கெளம்புறேன்.